தாம்பூலப் பையில் ஒரு சிடி

2009-ஆம் ஆண்டு ஆவணி முகூர்த்தம் ஒன்று. மேற்கு மாம்பலத்தில் ஒரு மண்டபம். மாலை வரவேற்பில் பாட்டுகளைக் கோத்துப் போடும் டி.ஜே. நான். பேசி முடித்து முன்பணத்தோடு எழுந்தபோது பெண்ணின் அப்பா நிறுத்தினார். “தம்பி, தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு பாட்டு சிடியும் வைத்தால் என்ன? வருகிறவர்கள் காரில் போட்டுக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போகட்டுமே.” எனக்கும் பிடித்துப்போயிற்று. மணமக்கள் தேர்ந்தெடுத்த பதினெட்டுத் திரைப்பாடல்கள், இடைவெளி தெரியாமல் நான் கோத்த மிக்ஸ், முன்னட்டையில் இருவரின் படம், பின்னட்டையில் என் பெயரும் கைபேசி எண்ணும். முன்னூறு சிடி. பையை வாங்குகிறவருக்கு இலவசம், எனக்குச் சிடிக்கு இவ்வளவு என்று கூலி.

ரிச்சி தெருவில் ஐம்பது ஐம்பதாக அடுக்கிய வெற்று சிடிகளில் ஆறு டப்பா வாங்கினேன். வீட்டில் இரண்டு கணினி, இரண்டிலும் சிடியில் பதியும் ரைட்டர். முதல் இரவு எழுதிய நாற்பதும் வீண். பாட்டுக்குப் பாட்டு தாவ வசதியாக மிக்ஸைப் பதினெட்டுத் துண்டுகளாக வெட்டியிருந்தேன். மென்பொருளில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எழுதும் ‘டிராக்-அட்-ஒன்ஸ்’ என்ற முறையை மாற்றாமல் விட்டதால் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு நொடி மௌனம் விழுந்திருந்தது. ஒரு தாளம் அடங்குமுன் அடுத்தது ஏறி வரவேண்டிய இடத்தில் பள்ளம். முழுச் சிடியையும் ஒரே மூச்சில் எழுதும் ‘டிஸ்க்-அட்-ஒன்ஸ்’ என்று மாற்றி, பழைய கார் பிளேயரும் படிக்கட்டும் என்று எழுதும் வேகத்தையும் குறைத்து, இன்னொரு டப்பா வாங்கி நான்கு இரவு உட்கார்ந்தேன். சிடியின் மேல் காகித லேபிள் ஒட்டவில்லை. வெயிலில் நின்ற காருக்குள் அது உரிந்து பிளேயரின் வாய்க்குள் சிக்கிக்கொள்ளும் என்ற அளவுக்குத் தொழில் தெரியும். தெரியாதது வேறு.

வரவேற்புக்கு வந்தவர்களில் ஒருவர் இசைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவர். பதினெட்டில் பதினொரு பாடல்கள் அவர்களுடையவை. பெண்ணின் அப்பா சொன்னபடியே அவர் காரில் போட்டுக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

பெண்ணின் அப்பா நல்ல மனிதர். “இலவசமாகத்தானே கொடுத்தோம், விற்கவில்லையே” என்று என்னோடு வக்கீல் அலுவலகம் வரை வந்தார். வக்கீல் என் பில்லை எடுத்து மேசையில் வைத்தார். ‘சிடி – 300’ என்று தனி வரி, எதிரே தொகை, கீழே என் கையெழுத்து. அதற்குப் பிறகு பெண்ணின் அப்பாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மீதமிருந்த முப்பத்து நான்கு சிடிகளை ஒப்படைத்து, இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, அந்த ஆண்டின் தை முகூர்த்த வருமானத்தில் பெரும்பகுதியைக் கட்டித்தான் வெளியே வந்தேன்.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, தங்கள் மிக்ஸை விற்கலாமா, சும்மா கொடுக்கலாமா என்பது. சிடி போய்ப் பென் டிரைவ் வந்துவிட்டது. கேள்வி அப்படியே இருக்கிறது. விற்றால் தப்பு, கொடுத்தால் தப்பில்லை என்ற நம்பிக்கையும் அப்படியே இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நான் கட்டிய விலையால்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எண்பதுகளில் தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, 60 அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். பக்கத்தின் முடிவில் அரை நிமிடம் மிஞ்சினால் கடைக்காரரே ஒரு இசைத் துணுக்கைப் போட்டு நிரப்புவார். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதில் அவருக்கு இருந்த ரசனைதான் எங்கள் பலருக்கு முதல் பாடம். அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. பழக்கம் வேறு, சட்டம் வேறு என்று நாங்கள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

சட்டம் என்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஒரு திரைப்பாடலுக்குள் மூன்று சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றும் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு ஒலிப்பதிவை உள்ளடக்கி இன்னொரு ஒலிப்பதிவு செய்யும் உரிமை அதன் உரிமையாளருக்கே என்கிறது பிரிவு 14. அதாவது, நான் இரவு உட்கார்ந்து சிடி எழுதியபோதே மீறல் நடந்துவிட்டது. தாம்பூலப் பை அதற்குப் பிறகுதான். விநியோகத்தைச் சொல்லும் பிரிவு 51, வியாபாரத்துக்காக விநியோகிப்பதையும் உரிமையாளருக்குப் பாதகம் விளையும் அளவுக்கு விநியோகிப்பதையும் சேர்த்தே மீறல் என்கிறது. இரண்டாவதில் பணம் என்ற பேச்சே இல்லை.

தண்டனை பிரிவு 63-இல் இருக்கிறது: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார ஆதாயத்துக்காகச் செய்ததல்ல என்றால் நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து குறைந்த தண்டனை விதிக்கலாம். ‘இலவசம்’ என்ற சொல்லுக்கு அந்தப் பிரிவு தரும் சலுகை அவ்வளவுதான். பில் போட்டுக் கூலி வாங்கிய எனக்கு அதுவும் கிடைத்திருக்காது. உதவி ஆய்வாளர் நிலையில் உள்ள போலீஸ் அதிகாரி வாரண்ட் இல்லாமலே சிடிகளைக் கைப்பற்றலாம். பிரிவு 63-இன் கீழ் வருவது வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாக்கிவிட்டது. தமிழ்நாட்டில் இன்னொரு படியும் உண்டு. 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருடர்களைச் சேர்த்தபோது, படத்தோடு அதன் பாடல் ஒலித்தடம் அடங்கிய பதிவையும் அந்த வரையறைக்குள் வைத்தார்கள். கல்யாண டி.ஜே. யாரும் அதில் உள்ளே போனதாக நான் கேள்விப்படவில்லை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்திருக்கட்டும்.

வேடிக்கை ஒன்று. ஒலிப்பதிவை வெளியிடுகிறவர் அதன் மேலும் உறையிலும் அந்தப் பதிவைச் செய்தவரின் பெயர், முகவரியோடு பதிப்புரிமையாளரின் பெயர், முகவரி, முதல் வெளியீட்டு ஆண்டு ஆகியவற்றையும் அச்சிடவேண்டும் என்கிறது பிரிவு 52ஏ. நான் என் பெயரையும் எண்ணையும் மட்டும் பளபளவென்று போட்டிருந்தேன். எனக்கு எதிரான சாட்சியை நானே முன்னூறு பிரதி எடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

தம்பிகள் சொல்லும் சமாதானங்கள் சில உண்டு. முப்பது நொடிக்குள் எடுத்தால் தப்பில்லை என்பது ஒன்று. அப்படி ஒரு கணக்கு நம் சட்டத்தில் எங்கும் இல்லை. ஒரிஜினல் சிடியைக் காசு கொடுத்து வாங்கினேன் என்பது இன்னொன்று. வாங்கியது தட்டு, பாட்டை அல்ல. ஓட்டல்காரர் லைசென்ஸ் கட்டியிருக்கிறார் என்பார்கள். அது அந்த இடத்தில் ஒலிபரப்புவதற்கு. பிரதி எடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதற்கு அல்ல.

கல்யாண விலக்கு என்பதுதான் ரொம்பவும் குழப்புவது. பிரிவு 52(1)(இசட்ஏ) இருப்பது உண்மை. மத நிகழ்ச்சிகளில் பாடல்களை ஒலிபரப்புவது மீறல் ஆகாது; மணமக்கள் ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய மற்ற விழாக்களும் அதில் அடக்கம். 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. எந்த விருந்து இதில் சேரும், எது சேராது என்று நீதிமன்றங்களில் வழக்காடிக்கொண்டும் இருக்கிறார்கள். எப்படி முடிந்தாலும் அது ஒலிபரப்புவதைப் பற்றிய விலக்கு. மாப்பிள்ளை அழைப்பில் அந்தப் பாட்டைப் போடலாம். அதையே சிடியில் எழுதிச் சம்பந்தி வீட்டார் கையில் கொடுக்க அந்த வரி துணைக்கு வராது.

பழைய பாட்டு என்றால் கவலையில்லை என்பவர்களும் உண்டு. பாதி சரி. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான், ஆகவே எம்.கே. தியாகராஜ பாகவதர் காலத்து இசைத்தட்டுகளின் பதிவுரிமை முடிந்துவிட்டது. ஆனால் எழுதியவரின் உரிமை அவர் இறந்து 60 ஆண்டு நீடிக்கும். பாகவதரின் பல பாடல்களை எழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். 2033 முடியும்வரை அந்த வரிகளுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். பாகவதர் குரலுக்குப் பறையடி சேர்த்து அருமையாக ஒரு மிக்ஸ் செய்த பையன் ஒருவனுக்கு இதைச் சொன்னபோது அவன் முகம் வாடியது எனக்கே கஷ்டமாக இருந்தது.

அமெரிக்காவில் இது இன்னும் விசித்திரமாக நடந்தது. அங்கே ஹிப்-ஹாப் டி.ஜே.க்கள் பாட்டுகளைக் கோத்து வெளியிடும் மிக்ஸ்டேப்தான் புதிய பாடகருக்கு விளம்பரம். இசைக் கம்பெனிகளின் ஆட்களே வெளிவராத பாடல்களை டி.ஜே.க்களுக்கு அனுப்பிவைப்பார்கள். அப்படி முன்னணியில் இருந்தவர் அட்லாண்டாவின் டி.ஜே. டிராமா. 2007 ஜனவரியில், கம்பெனிகளின் சங்கத்தினரோடு வந்த போலீஸ் அவருடைய ஸ்டூடியோவுக்குள் நுழைந்து, 80,000-க்கும் மேற்பட்ட சிடிகளை அள்ளிக்கொண்டு, அவரையும் அவருடைய கூட்டாளி டான் கேனனையும் கைது செய்தது. போட்ட வழக்கு, திட்டமிட்ட குற்றக் கும்பல்கள்மீது போடும் வகை. ஒரு கையால் பாட்டைக் கொடுத்த தொழில், மறு கையால் விலங்கு மாட்டியது. “கம்பெனி ஆளே வாட்ஸ்அப்பில் அனுப்பினார் அண்ணா” என்று சொல்லும் தம்பிகளிடம் இந்தக் கதையைச் சொல்வேன். அவர் அனுப்பியதை எழுத்தில் வாங்கு, இல்லாவிட்டால் அனுப்பவில்லை என்றே வைத்துக்கொள்.

முறையாக விற்கவே முடியாதா? முடியும். லண்டனில் ஃபேப்ரிக் என்ற கிளப் 2001-இல் தொடங்கி 2018 வரை இரண்டு வரிசைகளில் தலா நூறு மிக்ஸ் சிடிகளை வெளியிட்டது. சேர்க்கும் பாடல்களுக்கெல்லாம் உரிமம் வாங்கித்தான். அங்கே பாடல்கள் சின்னச் சின்ன லேபிள்களிடம் இருக்கும். அவர்களுக்கும் அந்தச் சிடியில் இடம்பெறுவது பெருமை. நம் பதினெட்டுத் திரைப்பாடல்கள் நான்கைந்து பெரிய கம்பெனிகளிடம் சிதறிக் கிடக்கும். ஒருவர் பதில் போடாவிட்டாலும் மிக்ஸ் நின்றுவிடும். ஒரு முறை முயன்றேன். மூன்று பாடல்களுக்கு விலை கேட்பதற்குள் அந்தப் பாடல்களே பழசாகிவிட்டன.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வியாபாரமாகப் பார்த்தாலும் இலவச சிடியால் எனக்கு ஒரு காசுக்குப் பயன் இருந்ததில்லை. அந்த முன்னூறில் எத்தனை பேர் என்னைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டால், ஒருவர். அவரும் நோட்டீஸ் அனுப்பத்தான். இரண்டு வருடம் கழித்து மதுராந்தகம் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தினோம். வேர்க்கடலைக் கொல்லையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, பறவைகளை விரட்டச் சிடிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் ஒன்று திரும்பியபோது பின்புறம் நான் மார்க்கர் பேனாவால் போடும் சுழியும் தேதியும் தெரிந்தன. காக்கைகள் உண்மையாகவே பக்கத்தில் வரவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். திரைப்பாடல் மிக்ஸை விற்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. மாதிரி கேட்பவர்களுக்கு, உரிமக் கட்டணத்தைத் தளமே பார்த்துக்கொள்ளும் மிக்ஸ்கிளவுட் போன்ற இடத்தில் ஏற்றி, கேட்க மட்டும் இணைப்பு அனுப்புகிறேன். அவர்கள் விதிகளையும் அவ்வப்போது படித்துக்கொள்கிறேன். மணமக்கள் தங்கள் வரவேற்பு இரவின் பதிவை ஒரே பிரதியாகக் கேட்டால்கூட இப்போது தயங்குகிறேன். சொந்த உபயோகம்தானே என்று எனக்குத் தோன்றுகிறது. வக்கீல் நண்பர் முகம் சுளிக்கிறார்.

என்னுடையது என்று விற்பது ஒன்று உண்டு. கும்பகோணம் பக்கத்துத் தவில்காரர் இருவரையும் நாகஸ்வரக்காரர் ஒருவரையும் ஸ்டூடியோவுக்கு அழைத்துக் கூலி கொடுத்து, எந்தெந்தப் பயனுக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, பதிந்த ஒலிகளின் மேல் நானே தாளம் கட்டிய நாற்பது நிமிடம். இதை நான் யாருக்கும் சும்மா கொடுப்பதில்லை. விலை சின்னதுதான். ஆனால் காசு கொடுத்தவன் ஒரு தடவையாவது முழுதாகக் கேட்கிறான். பதினேழாவது நிமிடத்தில் தவில் கொஞ்சம் முந்துகிறதே என்று போன் செய்து சண்டையும் போடுகிறான். இலவசமாக வாங்கியவன் ஒருவனும் சண்டை போட்டதில்லை.

போன மாதம் தாம்பரத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா பேசினார். முன்பணம் ஏற்கெனவே அனுப்பியிருந்தார். தாம்பூலப் பையில் பாட்டுப் பென் டிரைவ் வைக்க ஆசை, நானூறு வேண்டும் என்றார். விஷயத்தைச் சொன்னேன். தவில் மிக்ஸை வேண்டுமானால் அடக்க விலைக்குத் தருகிறேன், இல்லை என்றால் பையில் ஒரு அட்டை, அதில் இணைப்பு என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சும்மாதானே தம்பி கொடுக்கப் போகிறோம்” என்றார். பக்கத்து மண்டபத்துப் பையன் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறானாம். அந்தப் பையனின் எண்ணை வாங்கிக்கொண்டு, முன்பணத்தை அன்றே திருப்பி அனுப்பினேன். பையனுக்கு மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை.