புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி: ஒரு தொகுதி எப்படி இல்லாமல் போகிறது

புதுக்கோட்டை மாவட்டத்தில் வசிக்கும் ஒருவரிடம் அவருடைய நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால், வீடு எந்தச் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவரால் விடை சொல்ல முடியும். கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளி மக்களவைத் தொகுதியில் உள்ளன. விராலிமலை கரூரில் உள்ளது. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில் உள்ளன. அறந்தாங்கி இராமநாதபுரத்தில் உள்ளது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு மக்களவைத் தொகுதிகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன. அந்த நான்கில் ஒன்றுகூட புதுக்கோட்டையின் பெயரைத் தாங்கவில்லை. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தல் முதல் 2004 தேர்தல் வரை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி, 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறையில், அதாவது தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைந்ததில், நீக்கப்பட்டது. அந்தத் தொகுதி யார் யாரைத் தேர்ந்தெடுத்தது, எந்தச் சட்டத்தின்படி அது நீக்கப்பட்டது, இதில் வாக்காளருக்கு உள்ள உரிமை என்ன ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. தனி மாவட்டமாக அது மீண்டது 1974 ஜனவரி 14 அன்றுதான். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் மாவட்ட நிர்வாகத்தில் தனிப்பெயர் இல்லாதிருந்த அந்த நிலப்பகுதியின் பெயர் மக்களவையில் மட்டும் தொடர்ந்து இருந்துவந்தது என்பதை நினைவில் கொண்டால், தொகுதியின் இழப்பு அங்குள்ளவர்களுக்கு ஏன் இத்தனை ஆழமாக வலிக்கிறது என்பது விளங்கும்.

முதல் 14 மக்களவைகளுக்கு இத்தொகுதி 11 பேரை அனுப்பியது. முதல் தேர்தலில் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் கே. எம். வல்லத்தரசு வென்றார், 1957இல் காங்கிரஸின் ஆர். இராமநாதன் செட்டியார் வந்தார். 1962இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் வென்ற ஆர். உமாநாத், 1964இல் கட்சி பிளவுபட்ட பின்னர் மார்க்சிஸ்ட் கட்சியின் வேட்பாளராக 1967இலும் வென்றார். தொழிற்சங்கத் தலைவரான அவரை இருமுறை தேர்ந்தெடுத்த தொகுதி, 1971இல் தி.மு.க.வின் கே. வீரையாவையும், 1977இல் அ.தி.மு.க.வின் வி. எஸ். இளஞ்செழியனையும், 1980இல் காங்கிரஸின் வி. என். சுவாமிநாதனையும் அனுப்பியது. 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களில் தொடர்ந்து வென்ற காங்கிரஸின் என். சுந்தரராஜே இத்தொகுதியை அதிக முறை பிரதிநிதித்துவப்படுத்தியவர். 1996இல் தி.மு.க.வின் திருச்சி சிவா, 1998இல் அ.தி.மு.க.வின் ராஜா பரமசிவம், 1999இல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வின் சு. திருநாவுக்கரசர் என்று அடுத்தடுத்த தேர்தல்களில் உறுப்பினர்கள் மாறினார்கள். 2004இல் வென்ற தி.மு.க.வின் எஸ். ரகுபதி, மன்மோகன் சிங் அமைச்சரவையில் முதலில் உள்துறையின், பின்னர் சுற்றுச்சூழல் துறையின் இணை அமைச்சராக இருந்தார். புதுக்கோட்டையின் கடைசி மக்களவை உறுப்பினர் அவரே. 2019இல் திருநாவுக்கரசர் காங்கிரஸ் சார்பில் திருச்சிராப்பள்ளியிலிருந்து மக்களவைக்குச் சென்றபோது, அவருடைய பழைய தொகுதியின் ஒரு பகுதி மீண்டும் அவரிடம் வந்தது.

இனி விதிக்கு வருவோம். ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னும் மக்களவைத் தொகுதிகளைச் சரிசெய்ய வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 82ஆவது உறுப்பு. சட்டமன்றத் தொகுதிகளுக்கு 170ஆவது உறுப்பு அதையே கூறுகிறது. இதன்படி 2002இல் இயற்றப்பட்ட மறுவரையறைச் சட்டம், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தது. மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கையை மாற்ற ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. ஆகவே தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களும் 234 சட்டமன்ற இடங்களும் அப்படியே இருந்தன. 2001 கணக்கெடுப்பின் அடிப்படையில் எல்லைகளை மட்டும் திருத்தி வரையலாம். ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அமைய வேண்டும் என்பதால், தமிழ்நாட்டில் மக்களவைத் தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்ற கணக்கு வந்தது.

தொகுதியை நீக்கியது தவறு என்ற புதுக்கோட்டையின் முறையீட்டில் உள்ள நியாயம் இங்கேதான் தெரிகிறது. மறுவரையறையில் குளத்தூர் நீங்கி, விராலிமலையும் கந்தர்வகோட்டையும் புதிதாக வந்ததால், மாவட்டத்துக்குச் சரியாக ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கிடைத்தன. 2001இல் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 14.6 லட்சம், மாநிலத்தின் 6.24 கோடியை 39ஆல் வகுத்தால் ஒரு மக்களவைத் தொகுதிக்கு வரும் சராசரி சுமார் 16 லட்சம். நிலத்தொடர்ச்சி, இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்களின் வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று சட்டத்தின் 9ஆவது பிரிவு கூறுகிறது. மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்திருந்தால் இவற்றில் எதுவும் மீறப்பட்டிருக்காது என்பதே என் கருத்து.

பின் ஏன் பிரிக்கப்பட்டது? அண்டை மாவட்டங்களைப் பார்த்தால் காரணம் ஓரளவு புலப்படுகிறது. சிவகங்கை மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகளே உள்ளன, இராமநாதபுரத்திலும் நான்குதான், கரூரிலும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் ஆறு என்ற கணக்கை நிறைவுசெய்ய வெளியிலிருந்து எடுத்தாக வேண்டும். திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையின் குறையை நிரப்பின. அறந்தாங்கியும் விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழியும் இராமநாதபுரத்தின் குறையை நிரப்பின. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களின் சிக்கல்கள் இராமேசுவரம் மீனவர்களுடையதை ஒத்தவை என்பதால் அறந்தாங்கியின் சேர்க்கைக்கு ஒரு பொருத்தம் இருக்கிறது. விராலிமலையையும் கரூரையும் ஒரே தொகுதியில் சேர்த்ததற்கு அத்தகைய பொருத்தம் எதையும் என்னால் காண முடியவில்லை.

அதே மறுவரையறையில் பெரியகுளத்தின் இடத்தில் தேனியும், சிவகாசியின் இடத்தில் விருதுநகரும், திருச்செந்தூரின் இடத்தில் தூத்துக்குடியும், நாகர்கோவிலின் இடத்தில் கன்னியாகுமரியும் வந்தன. அதாவது, அங்கெல்லாம் தொகுதியின் பெயர் மாவட்டத்தின் பெயரோடு பொருந்தும்படி மாற்றப்பட்டது. புதுக்கோட்டையிலோ மாவட்டத்தின் பெயரில் முன்பே இருந்த தொகுதி எடுக்கப்பட்டது.

ஆணையத்துக்கு உதவ ஒவ்வொரு மாநிலத்திலும் ஐந்து மக்களவை உறுப்பினர்களும் ஐந்து சட்டமன்ற உறுப்பினர்களும் இணை உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. ஆணையம் தன் முன்மொழிவை, இணை உறுப்பினர்களின் மாற்று யோசனைகள் இருந்தால் அவற்றோடு சேர்த்து அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபங்களுக்கு ஒரு தேதி குறித்து, பொது அமர்வுகளில் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். இறுதி ஆணை வந்துவிட்டால் அதற்குச் சட்டத்தின் வலிமை உண்டு. அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று மறுவரையறைச் சட்டமும் அரசமைப்பின் 329ஆவது உறுப்பும் கூறுகின்றன. வெளிப்படையாகவே தன்னிச்சையானதும் அரசமைப்பு நெறிகளுக்குப் பொருந்தாததுமான ஆணையை நீதிமன்றம் ஆராயலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் கூறியிருந்தாலும், அது மிகக் குறுகிய வழியே.

புதிய எல்லைகள் 2008 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்தன. அப்போதிருந்த மக்களவை கலையும்வரை மறுவரையறை அதைப் பாதிக்காது என்பதால், ரகுபதி 2009 வரை புதுக்கோட்டையின் உறுப்பினராகவே நீடித்தார். 2009 தேர்தலின்போது, வாக்களிக்க விருப்பமில்லை என்று வாக்குச்சாவடிப் பதிவேட்டில் பதிவுசெய்யும் 49-ஓ விதியைப் பயன்படுத்தி மாவட்டத்தில் பலர் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். அன்று நோட்டா பொத்தான் கிடையாது. அது 2013இல்தான் வந்தது.

இழப்பு பெயரோடு முடியவில்லை. மக்களவை உறுப்பினர் தன் தொகுதிக்குள் பணிகளைப் பரிந்துரைக்க ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக்கு நான்கு உறுப்பினர்கள் இருந்தாலும், ஒவ்வொருவருடைய ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றோ இரண்டோதான் இம்மாவட்டத்தில் இருக்கின்றன. சமுதாயக்கூடமோ பள்ளிக் கட்டடமோ வேண்டி மனு எழுதுவோர், மாவட்டத்தின் பெயரை வைத்து முடிவுசெய்யாமல், தங்கள் ஊர் எந்தச் சட்டமன்றத் தொகுதியில் அடங்குகிறது என்று வாக்காளர் பட்டியலில் பார்த்து, அதற்குரிய மக்களவை உறுப்பினருக்கே மனுவை அனுப்ப வேண்டும்.

நீக்கப்பட்ட தொகுதியை மீட்கத் தனி விண்ணப்பமோ படிவமோ கிடையாது; மாநில அரசின் ஆணையாலும் அதை மீட்க முடியாது. மறுவரையறை ஒன்றே வழி. மாநிலங்களின் இட எண்ணிக்கையை மாற்றாமல் நிறுத்திவைத்திருந்த ஏற்பாட்டை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை அரசமைப்பின் 84ஆவது திருத்தம் நீட்டித்தது. அதற்குப் பின் அமையும் ஆணையம் தன் முன்மொழிவை வெளியிடும் நாள்முதல் ஆட்சேபங்களுக்குக் குறிக்கும் கடைசித் தேதி வரை உள்ள காலமே புதுக்கோட்டை வாக்காளர் எழுத்தில் முறையிடுவதற்கான காலம். ஊராட்சிகளும் வணிகர் சங்கங்களும் தனி மனிதர்களும் ஆட்சேபம் அனுப்பலாம். மாவட்டத்தின் அன்றைய மக்கள்தொகை, தொகுதிகளுக்கான மாநிலச் சராசரி, மாவட்டத்தில் அடங்கும் சட்டமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் சட்டத்தில் சொல்லப்பட்ட நிர்வாக எல்லை, மக்களின் வசதி ஆகிய அடிப்படைகளோடு பொருத்தி எழுதப்படும் மனுவை வைத்தே ஆணையத்தின் முன் வாதாட முடியும்.