ஒரே மயக்கத்தில் இரண்டு அறுவை சிகிச்சை: காப்பீட்டு பில்லைப் பிரிப்பது எப்படி?

மூக்கின் நடுச்சுவர் வளைந்திருப்பதால் மூச்சு விடச் சிரமப்படுகிறவர், "அதைச் சரிசெய்யும்போதே மூக்கின் வடிவத்தையும் திருத்திவிடலாமா?" என்று கேட்பது இயல்பு. தொப்புள் குடலிறக்கத்தோடு தொங்கும் வயிறு, பார்வையை மறைக்கும் மேல் இமையோடு கீழ் இமைப் பை என்று இதே கேள்வி வேறு வேறு உருவத்திலும் வரும். தகுந்த உடல்நிலை இருந்தால் பெரும்பாலும் சேர்த்தே செய்யலாம். ஒருமுறைதான் மயக்க மருந்து, ஒருமுறைதான் ஓய்வு. ஆனால் பணம் கட்டுகிறவர்கள் இரண்டு பேர்: நோய்க்கான பகுதிக்குக் காப்பீட்டு நிறுவனம், தோற்றத்துக்கான பகுதிக்கு நீங்கள். இந்தப் பிரிவினை அறுவை சிகிச்சைக்கு முன்பே காகிதத்தில் நடந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில் கவுண்ட்டரில் நின்று பிரிக்க முயன்றால், அங்கேதான் க்ளெய்ம் சிக்கிக்கொள்ளும்.

முதலில், எது நோய், எது தோற்றம்? விபத்து, தீக்காயம், புற்றுநோய் அறுவைக்குப் பின் செய்யும் மறுசீரமைப்பைப் பல பாலிசிகள் ஏற்கின்றன. மற்றவற்றில் அளந்து காட்டக்கூடிய சான்று வேண்டும். "மூச்சு முட்டுகிறது" என்று நீங்கள் சொல்வது மட்டும் போதாது. எண்டோஸ்கோப்பி அல்லது சிடி ஸ்கேனில் வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு அடைக்கிறது என்பது பதிவாகியிருக்க வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைச் சில வாரங்கள் பயன்படுத்தியும் பலனில்லை என்ற குறிப்பும் கோப்பில் இருக்க வேண்டும். இமைக்கு, கண்மணியின் நடுவில் விழும் ஒளிப்புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். வழக்கமாக அது 4 முதல் 5 வரை இருக்கும். 2 அல்லது அதற்கும் கீழே இறங்கியிருந்தால் வாதம் வலுவாகும். பார்வைப் பரப்புச் சோதனையை இரண்டு முறை செய்யச் சொல்வதும் உண்டு: இமையை அப்படியே விட்டு ஒருமுறை, டேப் ஒட்டித் தூக்கிப்பிடித்து ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சான்று. கீழ் இமைப் பை பார்வையை மறைப்பதில்லை என்பதால் அது அநேகமாக உங்கள் செலவில்தான்.

வயிற்றில்தான் குழப்பம் அதிகம். குடலிறக்கத்தையும் வயிற்றுத் தசை விலகலையும் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள். குடலிறக்கத்தில் வயிற்றுச் சுவரில் ஓட்டை இருக்கும். அதன் வழியே கொழுப்போ குடலோ பிதுங்கும், சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தசை விலகலில் ஓட்டை கிடையாது. நடுக்கோட்டுத் திசு தளர்ந்து அகன்றிருக்கும், அவ்வளவுதான். இரண்டிலும் வயிறு முன்தள்ளித் தெரியும். நோய்க் குறியீடுகளே வேறு: ஐசிடி-10 பட்டியலில் தொப்புள் குடலிறக்கம் கே42, தசை விலகல் எம்62.0. விலகிய தசையை இழுத்துத் தைப்பதைப் பெரும்பாலான காப்பீட்டாளர்கள் தோற்றச் சிகிச்சையாகவே பார்க்கிறார்கள். ஆகவே ஸ்கேன் அறிக்கையில் ஓட்டையின் அளவு சென்டிமீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் 'குடலிறக்கம்' என்று மட்டும் எழுதிய கடிதம் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

அறுவைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் கேட்டு அனுப்பும் முன் அனுமதிக் கடிதத்தில், தோற்றச் சிகிச்சை சேர்ந்து நடக்கப் போவதை மறைக்காதீர்கள். "அதைச் சொன்னால் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்கள்" என்ற பயம் புரிகிறது. ஆனால் அறுவைக் குறிப்பையும் மயக்க மருந்துப் பதிவையும் அவர்கள் கேட்டு வாங்கினால் மறைத்தது வெளியே வந்துவிடும். நடுச்சுவரை மட்டும் சரிசெய்ததாகச் சொல்லும் க்ளெய்மில் மயக்க நேரம் நான்கு மணி நேரம் என்றிருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கடிதத்தில் இப்படி ஒரு வரி போதும்: "இதே அமர்வில் மூக்கின் வெளி வடிவத் திருத்தமும் நடைபெறும், அதன் கட்டணம் முழுவதும் நோயாளியிடம் தனியாக வசூலிக்கப்படும்." நோய்க்கான பகுதிக்கு ஜே34.2, தோற்றத்துக்கான பகுதிக்கு இசட்41.1 என்று குறியீடுகளும் தனித்தனியே இருக்கட்டும்.

இனி நேரக் கணக்கு. சர்ஜன் கட்டணத்தைப் பிரிப்பது எளிது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை. தியேட்டர் வாடகையும் மயக்க மருந்து நிபுணரின் கட்டணமும் நிமிடக் கணக்கில் போனால், அங்கேதான் தகராறு. ஓர் உதாரணம் பாருங்கள். மயக்கம் கொடுக்கத் தொடங்கியது 8:10. நடுச்சுவர் வேலை 8:35 முதல் 9:45 வரை. வடிவத் திருத்தம் 9:45 முதல் 12:05 வரை. நோயாளி விழித்தது 12:20. மொத்தம் 250 நிமிடம். அதில் நடுச்சுவருக்கு 70, வடிவத்துக்கு 140. மயக்கம் கொடுப்பதும் தெளிவிப்பதும் சேர்ந்த 40 நிமிடம் இரண்டுக்கும் பொது. இந்த 40-ஐ 70-க்கு 140, அதாவது 1:2 என்ற விகிதத்தில் பிரித்தால் காப்பீட்டுக்குச் சுமார் 83 நிமிடம், உங்களுக்கு 167. இன்னொரு முறையும் இருக்கிறது: நடுச்சுவரை மட்டும் செய்திருந்தாலும் மயக்கம் கொடுத்துத் தெளிவித்துத்தான் ஆக வேண்டும் என்பதால், பொது நேரம் முழுவதையும் அதன் பக்கம் வைப்பது. அப்போது காப்பீட்டுக்கு 110, உங்களுக்கு 140. இரண்டாவதிலும் நியாயம் உண்டு. ஆனால் எதை ஏற்பது என்பது காப்பீட்டாளரின் விதியைப் பொறுத்தது. முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நோய்க்கான வேலையை முதலில் முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் நேரம் சுத்தமாகப் பிரியும். மூக்கில் அது எப்போதும் முடியாது, ஒரே வெட்டின் வழியாக இரண்டு வேலையும் மாறி மாறி நடக்கலாம். வரிசையைத் தீர்மானிப்பது சர்ஜன், பில் அல்ல. அப்படிப்பட்ட நேரத்தில் நோய்க்கான பகுதிக்கு வழக்கமாக ஆகும் நேரத்தை முன்பே ஒப்புக்கொண்டு எழுதிவைப்பதே வழி.

அறுவைக் குறிப்பு ஒன்றாக இருந்தாலும் தலைப்புகள் இரண்டாக இருக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மூக்கு நுனியைத் தூக்கி நிறுத்த நடுச்சுவரிலிருந்து குருத்தெலும்புத் துண்டு எடுப்பது வழக்கம். அதற்காக மட்டும் எடுத்தால் அது நடுச்சுவர் வளைவைச் சரிசெய்த சிகிச்சை ஆகாது. வளைவு எங்கே இருந்தது, எந்தப் பகுதி அகற்றப்பட்டது, முடிவில் காற்றுப் பாதை திறந்ததா என்பதைக் குறிப்பு சொல்ல வேண்டும். அந்த மூன்று வரி இல்லாததால் நியாயமான க்ளெய்மும் திரும்பி வருகிறது.

மற்றவற்றைப் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. நடுச்சுவர் சிகிச்சைக்கு அன்றே வீடு திரும்பியிருக்கலாம், வடிவத் திருத்தத்தால் ஓர் இரவு தங்க நேர்ந்தது என்றால் அந்த அறை வாடகை உங்களுடையது. குடலிறக்க ஓட்டையை அடைக்க வைக்கும் வலை காப்பீட்டுக்கு. வயிறு இறுக்கிய பின் போடும் பெல்ட் உங்களுக்கு. மதிப்பீடு, ஒப்புதல் படிவம், பில், ரசீது எல்லாம் இரண்டிரண்டாகத் தனி எண்ணோடு இருக்கட்டும். தோற்றச் சிகிச்சைக்கு ரசீதில்லாமல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பலரும் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று: பிறகு ஏதாவது தவறாகிப்போனால் யார் செலவு? தோற்றச் சிகிச்சையால் வரும் ரத்தக்கட்டு, நீர் சேர்தல், தொற்று, மறு அறுவை ஆகியவற்றைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. குடலிறக்க வலை வைத்த அதே வயிற்றில் தோலையும் வெட்டி இறுக்கியிருந்து, அங்கே சீழ் பிடித்தால், அது எந்தச் சிகிச்சையால் வந்தது என்று பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே கடினம். இந்த ஒரு காரணத்துக்காகவே, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் புகைபிடிப்பவர்களும் வயிற்றில் இரண்டையும் சேர்த்துச் செய்துகொள்ள அவசரப்படக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும், தொற்றும் எளிதில் வரும்.

"மூச்சுத் திணறல் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம், முழுவதும் இன்சூரன்ஸிலேயே போய்விடும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அது மோசடி. க்ளெய்ம் மறுக்கப்படுவதோடு பாலிசியே ரத்தாகலாம். கையெழுத்து உங்களுடையது என்பதால் பொறுப்பும் உங்களைத் தேடி வரும். இல்லாத நோய் உங்கள் மருத்துவப் பதிவிலும் ஏறிவிடும். அடுத்த பாலிசி எடுக்கும்போது அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்மையான தேவை இருந்தும் மறுப்புக் கடிதம் வந்தால், காரணத்தை வரி வரியாகப் படியுங்கள். சான்று போதவில்லை என்றால் ஸ்கேன், படம், மருந்து பலனளிக்கவில்லை என்ற குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து, கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் சர்ஜனே காப்பீட்டு நிறுவன மருத்துவரிடம் பேசும் வாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். 'தோற்றச் சிகிச்சை' என்று ஒட்டுமொத்தமாக மறுத்திருந்தால், தனித்தனி மதிப்பீட்டையும் நேரப் பிரிவினையையும் இணைத்து, நோய்க்கான பகுதியை மட்டும் மறுபரிசீலனை செய்யக் கோருங்கள். பதில் வரும்வரை அறுவைத் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். வளைந்த நடுச்சுவர் சில வாரம் காத்திருக்கும். வலியோடு சிக்கிக்கொண்ட குடலிறக்கம் காத்திருக்காது. அதை உடனே செய்துகொண்டு, அழகுக்கான பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.