அங்கன்வாடியில் உயரம் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

6 மாதம் முதல் 6 வயது வரை எந்தக் குழந்தைக்கும் அங்கன்வாடியில் இலவச உணவு உண்டு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை அது. நாளுக்கு 500 கலோரி. கடும் ஊட்டக்குறைவு என்று பதிவானால் 800. சட்டம் இவ்வளவுதான். சிக்கல் அந்தப் பதிவில் இருக்கிறது.

திருப்பூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஒரு பாப்பாவைப் பார்த்தேன். அம்மா பனியன் கம்பெனியில் ஷிப்டு. பாப்பாவின் வளர்ச்சி அட்டையில் ஆடியிலிருந்து தை வரை ஒரே உயரம், 84 செ.மீ. தீபாவளிக்கு எடுத்த பாவாடையோ கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது! அளந்தால் 88. எடை 9 கிலோ. உயரத்துக்கு எடை போதாததைத்தான் மெலிவு என்கிறார்கள். 84 செ.மீ.க்கு 9 கிலோ என்றால் நடுத்தர மெலிவு. 88க்கு அதே 9 கிலோ கடும் மெலிவு, 800 கலோரிக்கு உரியது. பழைய எண்ணைத் திரும்ப எழுதியதில் பிள்ளையின் கடும் மெலிவு மறைந்துபோனது. "சவலைப் புள்ளைங்க, தம்பி பொறந்ததுல இருந்து இப்படித்தானுங்க" என்றார் பாட்டி.

அதனால் எடை போடும் நாளில் அரை நாள் லீவு போட்டாவது போங்கள். 2 வயதுக்குள் என்றால் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்கு மேல் நிற்க வைத்து, செருப்பில்லாமல், உச்சிக் குடுமியை அவிழ்த்துவிட்டு. அங்கன்வாடியில் அளவுகளைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியில் என்ன ஏற்றினார்கள் என்று கேட்டு, அட்டையிலும் எழுதி வாங்குங்கள். அப்புறம் கைச்சுற்று நாடா. 6 மாதம் முதல் 5 வயது வரை, மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் மெலிவுதான், செயலி என்ன சொன்னாலும் சரி. காய்ச்சல், கால் வீக்கம், சாப்பிட மறுப்பது இருந்தால் அங்கன்வாடிக்கு அலையாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு.

"ரேஷன் கார்டு சேலத்துல இருக்குங்களே, இங்க சேர்க்க முடியாது" என்பார்கள். ரேஷன் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேறு ஊரில் பதிவு இருந்தால் செயலியிலேயே இங்கே மாற்றலாம், வேறு மாநிலத்திலிருந்தும்கூட. குழந்தைக்கு ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பினால், அம்மாவின் ஆதார் போதும் என்று சொல்லுங்கள்.

அங்கன்வாடியில் சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வார்கள், அங்கே போனால் கடிதம் கேட்பார்கள். இரண்டாவது நடைக்குமேல் நடக்காதீர்கள். முதல்வரின் உதவி எண் 1100க்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு. மனு ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், அது இல்லாமல் போனால் புதிதாக எழுதி வரச் சொல்வார்கள்.