பாஞ் பவுலே: கோவணம் அல்ல, உடுதுணி

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் கைத்தறியில் 'பாஞ்' என்ற துணியை நெய்யும் கலையை யுனெஸ்கோ 2023இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதன் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் 'கோவணம் நெய்யும் கலை' என்றுதான் வரும். இது பிழை மட்டுமல்ல, அந்த நெசவாளர்களுக்கு அவமதிப்பும்கூட.

'பாஞ்' பிரெஞ்சுச் சொல். லத்தீனில் 'பன்னுஸ்' என்றால் துணித்துண்டு. அது ஸ்பானிய மொழியில் 'பாஞோ' ஆகி, அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. ஆப்பிரிக்கர் இடுப்பில் சுற்றியிருந்த துணியை ஐரோப்பியர் இந்தப் பெயரால் குறித்தார்கள். அகராதிகளும் அந்த ஒரு பொருளையே பிடித்துக்கொண்டன. ஐவரி கோஸ்ட் மக்களின் பேச்சிலோ பாஞ் என்பது உடுத்துவது, போர்த்துவது, குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வது எல்லாம்தான்.

பாஞ் நெய்பவர்களில் ஒரு பிரிவினரான பவுலே மக்கள், அக்கான் இனத்தின் ஒரு கிளையினர். நாட்டின் நடுப்பகுதியில், புவாக்கே, சக்காசு, யமுசுக்ரோ வட்டாரங்களில் வாழ்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில், இன்றைய கானாவில் இருந்த அசாந்தே நாட்டிலிருந்து மக்களை அழைத்து வந்த அரசி அப்லா போக்கு, கொமோயே ஆற்றைக் கடக்கத் தன் மகனையே பலி கொடுத்தாள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. 'குழந்தை இறந்துவிட்டது' என்று அவள் சொன்ன சொல்லே 'பவுலே' ஆனதாம். அசாந்தேயரின் புகழ்பெற்ற கென்டே என்ற துணியும் இவர்களுடைய துணியும் ஒரே நெசவு மரபில் வந்தவை.

நெய்பவர்கள் ஆண்கள். நூல் நூற்பது பெண்கள் வேலையாக இருந்தது. தறி மிகக் குறுகலானது; அதில் வரும் கீற்று ஒரு சாண் அகலம்கூட இராது. பாவு நெசவாளருக்கு முன்னால் தரையோடு நீண்டு கிடக்கும், அதன் மறுமுனையில் ஒரு கல்லைப் பாரமாக வைத்திருப்பார்கள். நெய்ய நெய்ய அந்தக் கல் மெல்ல நகர்ந்து வரும். அப்புறம் கீற்றுகளை ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்தால் பெரிய துணி கிடைக்கும். பவுலே துணியை அடையாளம் காட்டுவது அதன் அவுரி நீலம். பாவு நூலை அங்கங்கே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடம் வெள்ளையாகவே நிற்கும். நெய்தபின் அந்த வெள்ளை, விளிம்பு சற்றே கலங்கிய கோலமாகத் தெரியும். இதைவிட அழகான நீலம் வேறு எதிலும் எனக்குத் தெரியாது.

இந்தத் துணி குடும்பச் சொத்து. தங்க நகைகளோடு சேர்த்துப் பாதுகாத்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றுவார்கள். திருமணத்தில் சீராகத் தருவதும் இதுவே. சாவு வீட்டில் இறந்தவருக்குப் போர்த்துவதும் இதுவே. விழா நாளில் ஆண்கள் இடத்தோளை மூடி, வலத்தோள் வெறுமையாய் இருக்கப் போர்த்திக்கொள்வார்கள். இடுப்பை மட்டும் சுற்றும் துணியாக இதை எப்படிச் சொல்ல முடியும்?

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வேட்டி என்றால் ஆணுக்கும் சேலை என்றால் பெண்ணுக்கும் போய்விடும். லுங்கியும் கைலியும் இடுப்போடு நின்றுவிடும். 'உடுதுணி' நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல், இரு பாலார்க்கும் பொது, உடலின் எந்தப் பகுதியையும் தனியாகச் சுட்டாது. தவிர, 'துணித்தல்' என்றால் வெட்டுதல். 'துணி' அதிலிருந்து வந்ததால் 'பன்னுஸ்' என்ற மூலச்சொல்லின் பொருளுக்கும் நெருக்கமாக நிற்கிறது.

ஆலையில் மெழுகு முறையில் அச்சிட்ட வண்ணத் துணிக்கும் அங்கே பாஞ் என்றுதான் பெயர். அதனால் நெய்த துணியைப் பற்றி எழுதும்போது 'பவுலே கைத்தறி உடுதுணி' என்று முழுதாக எழுதுவது நல்லது. கடைப்பேச்சில் பாஞ் ஓர் அளவும்கூட: ஒரு பாஞ் ஏறத்தாழ 2 கெஜம், மூன்று பாஞ் சேர்ந்தால் 6 கெஜம். அங்கே 'உடுதுணி' பொருந்தாது, 'துண்டு' என்று எழுதிவிடலாம்.