நாளத்தில் ஏறும் மருந்து: பிழை நுழையும் இடங்கள்

குளிசையை மாறி விழுங்கிய ஒருவரைக் காப்பாற்ற வைத்தியருக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கும். அது இரைப்பையில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலைக் கடந்துதான் உடம்பெங்கும் பரவவேண்டும். நாளத்துக்குள் செருகிவைக்கிற மெல்லிய குழாயான கனுலா வழியே போகிற மருந்துக்கு இந்தப் படலைகள் ஒன்றும் இல்லை. கையில் ஏற்றியது அரை நிமிடத்துக்குள் இதயத்துக்குப் போய்விடும். 'கவனமாக இருங்கள்' என்ற புத்திமதியும் இங்கே அவ்வளவாக உதவாது. நிரம்பி வழிகிற விடுதியில் இரவுக் கடமை பார்க்கிற தாதி ஏற்கெனவே கவனமாகத்தான் இருக்கிறார். கவனம் தவறினாலும் கெடுதல் நேராதபடி பொருட்களையும் படிமுறைகளையும் அமைப்பதே பயன் தரும்.

பொற்றாசியம் குளோரைட்டைப் பாருங்கள். 15 வீதச் செறிவுள்ள 10 மில்லிலீற்றர் அம்பியூல் ஒன்றில் 1.5 கிராம், அதாவது 20 மில்லிமோல் பொற்றாசியம் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 லீற்றர் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதி, உண்டு. அதில் பொற்றாசியத்தின் அளவு லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான். முழு அம்பியூலையும் ஒரேயடியாகத் தள்ளினால், அது கலங்களுக்குள் புகுந்து பரவ முன்னரே இரத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, இதயத்தை நிறுத்திவிடக்கூடும். அன்ரிபயோற்றிக் கரைக்கும் தண்ணீரும் கனுலா கழுவும் சேலைனும் பல வேளைகளில் இதே 10 மில்லிலீற்றர் அம்பியூலில், இதே நிறமற்ற திரவமாகவே வருகின்றன. போனமுறை நீல எழுத்தோடு வந்தது அடுத்த கொள்வனவில் வேறு கம்பனியின் கறுப்பு எழுத்தோடு வரலாம். நிறத்தைப் பார்த்து எடுத்துப் பழகிய கை அங்கேதான் பிழை விடும்.

பிரித்தானியாவின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகவரகம் 2002 இல் விடுத்த முதல் எச்சரிக்கையே இந்த மருந்தைப் பற்றியதுதான். செறிவான பொற்றாசியத்தைச் சாதாரண விடுதிகளின் அலுமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள், முன்பே கலந்த பைகளைப் பயன்படுத்துங்கள் என்றது. கலந்த பை கிடைக்காத இடத்தில், மோர்பீன் போலத் தனியாகப் பூட்டி, பதிவேட்டில் எழுதி எடுப்பதே அடுத்த நல்ல வழி. வழமையான எல்லை லீற்றருக்கு 40 மில்லிமோல், மணிக்கு 10 மில்லிமோல். அதற்கு மேல் போவதென்றால் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டுதான் கொடுக்கவேண்டும்.

சரியான மருந்தைச் சரியான அளவில் எடுத்த பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. தொங்கிக்கொண்டிருக்கிற பையின் அடிவாய்க்குள் பொற்றாசியத்தைச் செலுத்தினால், அது சேலைனைவிட அடர்த்தி கூடியதால் மேலே கலக்காமல் அடியிலேயே தங்கும். குழாய் தொடங்குவதும் அங்கேதான். 8 மணித்தியாலத்துக்கென்று போட்டதில் பெரும்பங்கு முதல் சில நிமிடங்களிலேயே போய்விடும். பையைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பத்துத் தடவையாவது தலைகீழாகப் புரட்டிக் கலந்த பின்னர்தான் மாட்டவேண்டும்.

வன்னியில் வயல் வேலை மும்முரமாகும் காலங்களில் கண்ணாடிப் புடையன் கடித்து வருகிறவர்களுக்கு ஏற்றுகிற பாம்பு விஷமுறி மருந்து இன்னொரு விதமான சிக்கல். அது தூளாக வருவது. ஒவ்வொரு குப்பிக்கும் 10 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டுக் கரைக்கவேண்டும். எத்தனை குப்பி என்பது கடியைப் பொறுத்தது. 10 குப்பி என்றால், கரைத்த 100 மில்லிலீற்றரை 400 மில்லிலீற்றர் சேலைனில் சேர்த்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் ஏற்றுவது வழமை. சுற்றி நிற்கிற உறவினர்கள் பதறும்போது குப்பியைக் குலுக்கத்தான் மனம் வரும். குலுக்கினால் நுரைக்கும். நுரை அடங்காத குப்பியிலிருந்து முழு அளவும் சிரிஞ்சுக்குள் வராது. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டுவதுதான் வேகமான வழி.

கடிபட்டது பிள்ளை என்றால் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. விஷமுறியை நிறைக்கு ஏற்பக் குறைக்கக்கூடாது. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, ஆகவே பெரியவருக்குப் போகும் அதே குப்பிகள்தான் பிள்ளைக்கும். அதைக் கரைக்கிற சேலைனின் அளவும், ஒவ்வாமையைத் தடுக்க முன்கூட்டிப் போடுகிற அதிரினலினும் மட்டும் நிறைக்கு ஏற்பக் குறையும். ஒரே கட்டிலில், ஒரே நேரத்தில், ஒன்றைக் குறைக்கவேண்டும், மற்றதைக் குறைக்கக்கூடாது. இதை நினைவில் வைத்திருக்கச் சொல்வதைவிட, சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவைப்பது நல்லது.

அந்த அதிரினலினே தனி ஆபத்து. ஒரு மில்லிலீற்றர் அம்பியூலில் 1 மில்லிகிராம் இருக்கிறது. விஷமுறிக்கு முன்னர் பெரியவருக்குத் தோலுக்குக் கீழே 0.25 மில்லிலீற்றர் போடுவார்கள். கடும் ஒவ்வாமை வந்துவிட்டால் தொடைத் தசையில் 0.5 மில்லிலீற்றர். கனுலா ஏற்கெனவே கையில் இருப்பதால் அவசரத்தில் இதையும் அதற்குள் தள்ளிவிட்டால் துடிப்பு தாறுமாறாகி, இரத்த அழுத்தம் தலைக்கேறும். '1:1000', '1:10000' என்ற விகித எழுத்தும் குழப்பத்தைக் கூட்டுகிறது. முன்னதில் மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம், பின்னதில் 0.1. அமெரிக்காவில் 2016 இல் இந்த விகிதத்தை லேபிளிலிருந்து எடுத்து, மில்லிகிராமை மட்டும் எழுதச் செய்தார்கள். இங்கும் பி.எச்.ரி எனப்படும் நோயாளியின் கட்டில் அட்டையில் மில்லிகிராமும் போடும் இடமும் எழுதப்பட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எழுத்து என்றதும் பூச்சியத்தையும் சொல்லவேண்டும். '1.0' என்பது 10 ஆகவும், முன்னால் பூச்சியமில்லாத '.5' என்பது 5 ஆகவும் வாசிக்கப்படும். இன்சுலின் அலகுக்கு இடும் ஆங்கில 'யூ' எழுத்து பூச்சியமாகத் தெரிந்தால் 10 அலகு 100 ஆகிவிடும். மைக்ரோகிராமைச் சுருக்கி எழுதினால் அது மில்லிகிராமாக வாசிக்கப்பட்டு ஆயிரம் மடங்கு பிழை நேர இடமுண்டு.

துளிக் கணக்கில் செற்றின், அதாவது பையிலிருந்து கனுலாவுக்கு வரும் குழாயின், வகைதான் எல்லாம். சாதாரண செற்றில் 20 துளி ஒரு மில்லிலீற்றர், இரத்தம் ஏற்றுவதில் 15, பிள்ளைகளுக்கான, அளவுக் கோடிட்ட சிறு கலம் பொருத்திய பியூரெற்றில் 60. டெங்குவின் ஆபத்தான கட்டத்தில் 50 கிலோ ஆளுக்கு 48 மணித்தியாலத்துக்கான மொத்தத் திரவ ஒதுக்கீடு, இலங்கையில் கையாளும் கணக்கின்படி, 4600 மில்லிலீற்றர். அதை ஒரே சீராக ஏற்றுவதில்லை, குறைவாகத் தொடங்கிக் கூட்டிக் குறைப்பார்கள். சராசரி பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 96 மில்லிலீற்றர். இது 60 துளிச் செற்றில் நிமிடத்துக்கு 96 துளி, 20 துளிச் செற்றில் 32. செற்றை மாற்றிவிட்டு 96 துளியையே வைத்தால் மூன்று மடங்கு திரவம் போகும். நாளங்கள் கசியும் நேரத்தில் மிகையாய்ப் போனது நெஞ்சறையில் தேங்கி மூச்சை அடைக்கும்.

வைத்த துளி அப்படியே நிற்பதும் இல்லை. முழங்கையை மடித்தால் குறையும், கட்டிலின் உயரம் மாறினால் மாறும். 'கெதியா முடிஞ்சா வீட்ட போகலாம்' என்று துளியைக் கட்டுப்படுத்தும் உருளையைத் திறந்துவிடுகிற துணையாளும் உண்டு. சேலைன் என்றால் சத்து என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் இன்னும் பலமாகத்தான் இருக்கிறது. ஆகவே போத்தலில் மணிக்கணக்குக் கோடிட்ட பிளாஸ்ரர் ஒட்டவேண்டும், 15 நிமிடத்தில் மறுபடி எண்ணவேண்டும். பியூரெற்றில் ஒரு மணித்தியாலத்துக்குரியதை மட்டும் இறக்கி, மேல் உருளையை மூடிவிட்டால், என்ன நடந்தாலும் அவ்வளவுதான் போகும்.

ஒன்றோடொன்று சேரக்கூடாத மருந்துகள் தனி. செவ்ற்றியாக்சோன் என்ற அன்ரிபயோற்றிக்கைக் கல்சியம் உள்ள ஹார்ட்மன் திரவத்தோடு ஒரே குழாயில் விட்டால் படியும். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின் குளுக்கோஸில் படியும், அதற்குச் சேலைன் மட்டுமே.

உலக சுகாதார நிறுவனம் 2017 இல் தொடங்கிய 'தீங்கற்ற மருந்து' முயற்சி குறிப்பாகப் பார்க்கச் சொன்ன மூன்று தறுவாய்களில் ஒன்று, நோயாளி கைமாறும் நேரம். மல்லாவியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ கிளிநொச்சிக்கும், அங்கிருந்து ஏ9 வழியே யாழ்ப்பாணத்துக்கும் ஓடுகிற அம்புலன்ஸில், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நோர்அதிரினலின் ஏறிக்கொண்டிருக்கலாம். ஓரிடத்தில் 50 மில்லிலீற்றரில் 4 மில்லிகிராம், இன்னோரிடத்தில் 8 மில்லிகிராம் என்று கலந்தால், 'மணிக்கு 5 மில்லிலீற்றர்' என்ற ஒரே சொல் இரண்டு அளவைக் குறிக்கும். பொறுப்புக் கொடுக்கும்போது மைக்ரோகிராமில் சொல்லவேண்டும். பையிலும் மருந்து, மொத்த அளவு, திரவம், தொடங்கிய நேரம், நோயாளியின் பெயர், இருவர் கையொப்பம் இருக்கவேண்டும். இரண்டாமவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல் தானே கணக்கிட்டால்தான் அது சரிபார்ப்பு. 'சரிதானே?' என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவது சடங்கு.

பெயரும் அப்படித்தான். 'சிவகுமார்தானே?' என்று கேட்டால் மயக்கத்தில் கிடப்பவர் 'ஓம்' என்பார். தமிழ் அவ்வளவாகத் தெரியாத உத்தியோகத்தரிடம் சுகமாயிருப்பவரும் மரியாதைக்கு 'ஓம்' என்பார். 'உங்கட முழுப் பேர் என்ன? அப்பான்ர பேர்?' என்று கேட்டு, பி.எச்.ரி இலக்கத்தோடும் ஒப்பிட்டால்தான் அடுத்த கட்டில் சிவகுமாரின் ஊசி இவருக்கு வராது.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை நேர்ந்தால் முதலில் உருளையை மூடவேண்டும். கனுலாவைப் பிடுங்கக்கூடாது, மாற்று மருந்து போக அந்த வழி வேண்டும். செற்றைக் கழற்றிப் பையோடு எடுத்து வைத்து, வைத்தியரைக் கூப்பிடவேண்டும். வெறும் அம்பியூல்களை மருந்து ஏறி முடியும்வரை தட்டிலேயே விட்டுவைத்தால், எது எவ்வளவு போனது என்று ஊகிக்க வேண்டியிராது, எண்ணிப் பார்த்துச் சொல்லலாம்.