வண்டி பழசானால் ஆயில் கெட்டியாக வேண்டுமா?

முன், பின் ஆக்சில்களுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் ட்ரெயின் பிளக்கைத் திறந்தால் வடிவது 80டபிள்யூ-90 கியர் ஆயில். மறுபடியும். இந்த முறை இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திருப்பினால் முன்சக்கரங்கள் துள்ளுகின்றன. நேர் சாலையில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் தரை அதிர்கிறது. டாஷ்போர்டில் நான்கு சக்கர டிரைவ் எச்சரிக்கை எரிகிறது. ஏன் இதை ஊற்றினீர்கள் என்று கேட்டால் எப்போதும் வரும் அதே பதில்: “வண்டிக்கு வயசாச்சுல்ல, கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்னுதான்.”

அந்தப் பெட்டிக்குள் போக வேண்டியது டிஎஃப்0870 என்ற தனி ஆயில். ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. அதன் உள்ளே இருப்பது ஒரு செயின், ஆயிலில் நனைந்தபடி வேலை செய்யும் பல தகட்டு கிளட்ச், அந்தக் கிளட்ச்சை அமுக்க ஒரு சின்ன மோட்டார். முன் ஆக்சிலுக்கு எவ்வளவு இழுவிசை போக வேண்டும் என்பதை, தகடுகளை எவ்வளவு அமுக்குவது என்ற கணக்கை வைத்துத்தான் கன்ட்ரோல் யூனிட் முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு இந்த ஆயிலின் வழுக்கும் தன்மையை நம்பிப் போடப்பட்டது. கெட்டி கியர் ஆயில் ஊற்றினால் இரண்டு கெடுதல். தகடுகள் சீராக வழுக்காமல் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நகரும். அதுதான் அந்த அதிர்வு. மோட்டார் விட்ட பிறகும் தகடுகள் நடுவே ஆயில் ஒட்டிக்கொண்டு இழுக்கும்; அதுதான் திருப்பத்தில் சக்கரம் துள்ளுவது. இப்படியே ஓட்டினால் சூடு ஏறும், செயின் நீளும், தகட்டின் உராய்வுப் பரப்பு கருகும், மோட்டாரின் பிளாஸ்டிக் கியர் தேயும். ஒரு லிட்டர் ஆயிலில் மிச்சம் பிடித்ததற்கு முழு யூனிட்டையே மாற்ற வேண்டி வரும்.

‘பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்’ என்ற பழக்கம் எஞ்சினிலிருந்து வந்தது. ரிங் தேய்ந்து ஆயில் குடிக்கும் எஞ்சினில் ஒரு கிரேடு ஏற்றி ஊற்றினால் புகை கொஞ்சம் குறையும், பிரஷர் லைட் அணையும். அங்கேயே அது தற்காலிக ஒட்டு வேலைதான். அதை அப்படியே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுவருவதுதான் தலைவலி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் மசகு மட்டுமல்ல. வால்வுகளைத் தள்ளும் அழுத்தம் அதுதான், கிளட்ச்சுகளைப் பிடிக்கவைப்பதும் அதுதான், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் வழியே சக்தியைக் கடத்துவதும் அதுதான். வால்வுகள் உட்கார்ந்திருக்கும் வால்வு பாடியில் ஊசித் துளைகள் போல எத்தனையோ வழிகள். மின்சாரத்தால் இயங்கும் சின்ன வால்வுகளான சாலினாய்டுகள் அந்தத் துளைகள் வழியே இந்தப் பதத்தில் ஆயில் இவ்வளவு நேரத்தில் பாயும் என்று எண்ணித்தான் திறந்து மூடுகின்றன. கெட்டியாக்கினால் காலையில் முதல் முறை டி-யில் போட்டதும் வண்டி நகராமல் ஒரு நொடி யோசிக்கும், பிறகு பின்னாலிருந்து உதைத்தது போலக் கிளம்பும். பம்ப் ஃபில்ட்டர் வழியே இழுக்கத் திணறும். கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் கொஞ்சம் வழுக்கியபடியே பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது; அது நடுங்க ஆரம்பிக்கும். பழைய கியர்பாக்ஸில் தேய்ந்திருப்பது வால்வு ஓடும் துளைகள், காய்ந்திருப்பது ரப்பர் சீல்கள், கருகியிருப்பது கிளட்ச் தகடுகள். இதில் எதையும் கெட்டி ஆயில் நிரப்பித் தராது.

“அப்போ புதுசா வர்ற மெல்லிய ஆயில் பழைய கியர்பாக்ஸைக் காப்பாத்துமா?” என்று கேட்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் வரிசையைப் பாருங்கள். டெக்ஸ்ரான் 3, 100 டிகிரி சூட்டில் 7 சென்டிஸ்டோக்ஸுக்கு (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதன் அளவு) மேல் இருக்கும். அதற்குப் பதிலாக வந்த டெக்ஸ்ரான் 6-க்கு உச்ச வரம்பே 6.4. கேட்டால் மெலிதாகத் தெரியும். ஆனால் டெக்ஸ்ரான் 3 ஓட ஓட அதன் மூலக்கூறுகள் வெட்டுப்பட்டு மெலிந்துபோகும். டெக்ஸ்ரான் 6 தொடங்கிய பதத்தை விட்டு அவ்வளவாக இறங்காது. ஆகவே புட்டியில் கெட்டியாக இருந்தது, ஓடிய பிறகும் கெட்டியாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். இன்னொரு விஷயம்: டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-லேயே நிறுத்திவிட்டது. இன்று ‘டெக்ஸ்ரான் 3’ என்று எழுதி வரும் புட்டிக்குப் பின்னால் தயாரிப்பாளரின் வாக்குறுதி மட்டுமே இருக்கிறது, ஜெனரல் மோட்டார்ஸின் சோதனை இல்லை.

எண்ணைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. கியர் ஆயிலின் 90 என்பது எஞ்சின் ஆயிலின் 40-ஐப் போல இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் பலர். இரண்டுக்கும் அளவுகோலே வேறு. கியர் ஆயிலில் 90 என்றால் 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள். எஞ்சின் ஆயிலில் 40 என்றால் 12.5 முதல் 16.3. கிட்டத்தட்ட ஒரே பதம்.

கெட்டி ஆயிலுக்கு இடமே இல்லையா? ஓர் இடம் உண்டு: டிஃபரன்ஷியல், அதாவது ஆக்சிலின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் கியர் பெட்டி. கனமான டிரெய்லர் இழுப்பதற்கென்று சில தயாரிப்பாளர்களே பின் ஆக்சிலுக்கு 75டபிள்யூ-140 குறிப்பிடுகிறார்கள். மேனுவலில் அப்படி எழுதியிருந்தால் ஊற்றுங்கள். எழுதாவிட்டால், அதன் உள்ளே இருக்கும் கிரவுன் பினியன் பற்கள் ஓலமிடுகின்றன என்பதற்காக ஊற்றாதீர்கள். அந்த ஓலம் பேரிங் தளர்வாலோ பல் பொருந்தாததாலோ வருவது. கெட்டி ஆயில் அதைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். அதற்குள் பினியன் பேரிங் முழுதாகப் போய்விடும்.

டிஃபரன்ஷியல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கியர் ஆயில் புட்டியில் இருக்கும் ஜிஎல் தரக் குறியீட்டில், ஜிஎல்-4-ஐவிட ஜிஎல்-5 ‘லேட்டஸ்ட்’ கிடையாது. டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு பற்களுக்கு ஜிஎல்-5 கட்டாயம் வேண்டும். ஆனால் அதில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் கலவை ஜிஎல்-4 கேட்கும் மேனுவல் கியர்பாக்ஸில், கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். எண் பெரிதாக இருக்கிறதே என்று அங்கும் அதையே ஊற்றாதீர்கள். லிமிடெட் ஸ்லிப் அடிட்டிவ், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் கிளட்ச் தகடுள்ள டிஃபரன்ஷியலுக்கு மட்டும். பிரேக்கைப் பிடித்து வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வண்டிகளுக்கு அது தேவையே இல்லை.

இனி நிறம். டெக்ஸ்ரான் 3 சிவப்பு, டெக்ஸ்ரான் 6 சிவப்பு, டொயோட்டா டி-4 சிவப்பு, கிரைஸ்லர் ஏடிஎஃப்+4 சிவப்பு. நான்கும் நான்கு விதம். சிவப்பு என்பது கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிக்கப் போட்ட சாயம், அவ்வளவுதான். மெர்சிடிஸின் 722.9 என்ற ஏழு கியர் பெட்டியில் பழைய வகைக்கு 236.14 என்ற எண்ணுள்ள ஆயில், அது சிவப்பு. பிந்தைய வகைக்கு 236.15, அது நீலம், இன்னும் மெலிது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி ஒரே மாதிரிதான் இருக்கும். நீலம் புதுசு என்று பழையதில் ஊற்றியவர்களும் இருக்கிறார்கள்.

ஆயிலைத் தேர்ந்தெடுக்கும்போது பானெட்டில் உள்ள லோகோவை மறந்துவிடுங்கள். கியர்பாக்ஸ் யாருடையது என்று பாருங்கள். ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் செய்த 6எச்பி என்ற ஆட்டோமேட்டிக் பெட்டி பிஎம்டபிள்யூ எக்ஸ்5-இலும் இருக்கிறது, ரேஞ்ச் ரோவரிலும் இருக்கிறது. இரண்டிலும் ஒரே குடும்ப ஆயில்தான். முதல் தலைமுறை வோக்ஸ்வாகன் டுவாரெக், போர்ஷே கயேன், ஆடி க்யூ7 ஆகிய மூன்றிலும் ஜப்பானின் ஐசின் நிறுவனம் செய்த ஆறு கியர் பெட்டி வந்தது. அது கேட்பது ஜேடபிள்யூஎஸ் 3309 தரம், அதாவது டொயோட்டாவின் டி-4. எதிர்மாறாக, முதல் தலைமுறை எக்ஸ்5-இலேயே ஆரம்ப வருடங்களில் ஆறு சிலிண்டர் பெட்ரோலுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டி, எட்டு சிலிண்டருக்கு இசட்எஃப் பெட்டி. ஒரே மாடல், ஒரே வருடம், வேறு ஆயில். டிஸ்கவரி 3-இல் பின் டிஃபரன்ஷியலுக்கு எலெக்ட்ரானிக் லாக் இருந்தால் ஓர் ஆயில், இல்லாவிட்டால் வேறு. சேஸிஸ் நம்பரையும் கியர்பாக்ஸில் ஒட்டியிருக்கும் தகட்டையும் பார்க்காமல் ஆயில் வாங்கக் கிளம்பாதீர்கள். புட்டியிலும் ‘பொருந்தும்’ என்று எழுதியிருப்பது வேறு, ‘அப்ரூவல்’ என்று எண்ணோடு எழுதியிருப்பது வேறு. இசட்எஃப் என்றால் டிஇ-எம்எல் 11, மெர்சிடிஸ் என்றால் 236-இல் தொடங்கும் எண். இருபது பிராண்டுகளுக்கு ஒரே புட்டி என்று விற்கப்படும் யுனிவர்சல் ஆயிலை எஸ்யூவியின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

“லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்” என்பதற்கு ஒரே பதில்: 6எச்பி, 8எச்பி பெட்டிகளைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது.

மாற்றும்போது நடக்கும் தவறுகள்தான் அடுத்த எரிச்சல். முதலில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள், பிறகு ட்ரெயின். ஃபில்லர் துருப்பிடித்துத் திறக்கவில்லை என்பது ஆயிலை வடித்த பிறகு தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும். வடிந்ததை அளவு ஜாடியில் பிடியுங்கள்; எவ்வளவு குறைந்திருந்தது என்பது கசிவைப் பற்றிய முதல் சாட்சி. 6எச்பியில் அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் தட்டான பேனும் ஃபில்ட்டரும் ஒரே துண்டு, முழுதாக மாற்ற வேண்டும். கையோடு கியர்பாக்ஸ் பக்கவாட்டில் மின் இணைப்பு நுழையும் பிளாஸ்டிக் ஸ்லீவையும் மாற்றிவிடுங்கள். அதன் ஓ-ரிங் வழியே கசிவதைப் பேன் கேஸ்கெட் கசிவு என்று நினைத்துப் பேனை மட்டும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது.

மொத்தம் 9 லிட்டருக்கு மேல் பிடிக்கும் பெட்டியில் பேனைக் கழற்றினால் வடிவது 5–6 லிட்டர்தான். மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அதை வெளியே தள்ள மெஷின் வைத்து அழுத்தமாகப் பீச்ச வேண்டாம், அதுவும் இரண்டு லட்சம் ஓடிய பெட்டியில். வடித்து நிரப்பி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, இன்னொரு முறை வடித்து நிரப்புங்கள்.

லெவல் பார்ப்பதில்தான் பாதி பேர் சறுக்குகிறார்கள். வண்டி நான்கு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும். எஞ்சின் ஓட வேண்டும். ஆர், டி என்று ஒவ்வொரு நிலையிலும் சில விநாடிகள் வைத்து மீண்டும் பி-க்கு வர வேண்டும். ஸ்கேனரில் கியர்பாக்ஸ் ஆயில் சூடு 30-இலிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது ஃபில்லர் துளையில் ஆயில் மெல்லிய இழையாக வழிந்தால் சரி. எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் நிரம்பியதாகத் தெரியும், உண்மையில் இரண்டு லிட்டர் குறைந்திருக்கலாம். நன்றாக ஓட்டிவிட்டு வந்து 80 டிகிரியில் பார்த்தாலும் விரிந்த ஆயில் ஏமாற்றும். குறைவாக நிரப்பிய பெட்டி பிரேக் பிடிக்கும்போதும் திருப்பத்திலும் காற்றை இழுத்து வழுக்கும்; ‘ஆயில் மாத்தினதும் கியர்பாக்ஸ் போச்சு’ என்ற கதைகளில் பல இங்கிருந்துதான் பிறக்கின்றன. மற்றவை, ஏற்கெனவே கருகி வழுக்கிக்கொண்டிருந்த பெட்டிக்குக் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றியவை. வடித்த ஆயில் கருப்பாகித் தீய்ந்த வாசனை அடித்தால், பேனின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசைக்குப் பதில் உலோகச் சில்லுகள் இருந்தால், ஆயிலால் ஆவது ஒன்றுமில்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஆயில் இளஞ்சிவப்புப் பால் போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகிக் கூலன்ட் கலந்துவிட்டது. ஸ்டார்ட் செய்யவே கூடாது. டிஃபரன்ஷியலில் சாம்பல் நிறப் பால் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெட்டிக்குள் காற்று போய் வரும் ப்ரீதர் குழாயைப் பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலும் கசியும். சீல் மாற்றுவதற்கு முன் ப்ரீதரை ஊதிப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கசிவை நிறுத்தும் ‘ஸ்டாப் லீக்’ திரவத்தைக் கிளட்ச் உள்ள எந்தப் பெட்டியிலும் ஊற்றாதீர்கள். தயவுசெய்து.

கை பம்ப்பும் முக்கியம். நேற்று டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 இழுத்த அதே பம்ப்பால் இன்று ட்ரான்ஸ்ஃபர் கேஸை நிரப்பினால், ஒரு லிட்டருக்கும் குறைவாகப் பிடிக்கும் பெட்டியில் குழாயில் மிஞ்சியிருந்த ஜிஎல்-5 சின்ன கலப்படம் இல்லை. ஆயிலுக்கு ஒரு பம்ப் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் எழுதி ஒட்டுங்கள். நிரப்பி முடித்ததும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கன்ட்ரோல் யூனிட்டில் பழைய ஆயிலின் தேய்மானக் கணக்கை ஸ்கேனரில் அழித்து, புது ஆயிலுக்கு ஏற்ப யூனிட் தன் கணக்கைச் சரிசெய்யும் அடாப்டேஷனை ஓட்டுங்கள். அதற்கும் முன்னால் டயர்களைப் பாருங்கள்: முன்னால் புதுசு, பின்னால் தேய்ந்தது என்றிருந்தால் சுற்றளவு வேறுபட்டுக் கிளட்ச் நேர் சாலையிலும் ஓயாமல் உரசும். எவ்வளவு சரியான ஆயிலையும் அது கருக்கிவிடும்.

கைமாறி வந்த வண்டி, முன்னால் என்ன ஊற்றினார்கள் என்று தெரியாது என்றால், பழைய ஆயிலின் நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸைச் சூடாக வடித்துச் சரியான ஆயிலை நிரப்பி, 500 கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் வடித்து நிரப்புங்கள். கொள்ளளவு குறைவு என்பதால் இரண்டாவது முறைக்கு ஆகும் செலவும் குறைவு. தகடுகளில் ஒட்டியிருந்த தவறான ஆயிலும் பெரும்பாலும் அதோடு போய்விடும். அதன் பிறகும் திருப்பத்தில் துள்ளினால் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.