பிக்கப்புக்கு ஏ.டி. டயர் வாங்கப் போறீங்களா? மண்ணையும் லோடையும் முதலில் சொல்லுங்கள்

மழைக்காலம் நெருங்கினாலே பிக்கப் வைத்திருப்பவர்கள் கடைக்கு வந்து கேட்பது "நல்ல ஏ.டி. டயர் எதுங்க?" என்றுதான். ஏ.டி. என்றால் ஆல் டெரெய்ன், தாரிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கான டயர். நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். வண்டி எந்த மண்ணில் ஓடுகிறது, பின்னால் எவ்வளவு ஏற்றுகிறீர்கள். இதற்குச் சரியான பதில் இருந்தால் டயர் தேர்வு பாதி முடிந்த மாதிரி. ஆனால் பெரும்பாலானவர்கள் போனில் ஒரு போட்டோவைக் காட்டி "இந்த மாதிரி முரட்டு பட்டன் வேணும்" என்கிறார்கள். பட்டன் என்பது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள். பொள்ளாச்சிப் பக்கம் டயர், அலைன்மென்ட் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பட்டனைப் பார்த்து வாங்கிய டயர்தான் பிறகு அதிகம் தொந்தரவு கொடுத்து என்னிடம் திரும்பி வருகிறது.

முதலில் அடிப்படை. எச்.டி. என்பது தார் ரோட்டுக்கான டயர், பட்டன் நெருக்கமாக, சத்தமில்லாமல் ஓடும். எம்.டி. என்பது சேற்றுக்கானது, பெரிய கட்டைகள், நடுவில் அகலமான இடைவெளி. ஏ.டி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நடுவில் நிற்பதால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். தாரில் எச்.டி.யை விடச் சத்தம் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும், மழைத் தாரில் பிரேக் பிடிக்கும் தூரம் பல ஏ.டி. டயர்களில் கூடுதலாகவே இருக்கும். வண்டி பத்தில் ஒன்பது பங்கு கோவை, திருப்பூர், சேலம் என்று நான்குவழிச் சாலையிலேயே ஓடுகிறது, மாதம் ஒருமுறை தோட்டத்து வண்டிப்பாதை என்றால் நல்ல எச்.டி. போதும். இதை நான் நேராகவே சொல்லிவிடுவேன். ஏ.டி. விற்றால் எனக்குக் கூடக் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

சரி, மண்ணுக்கு வருவோம். வால்பாறை, மேகமலை போன்ற எஸ்டேட் பக்கம் ஓடும் வண்டிக்கு ஏ.டி. கண்டிப்பாகத் தேவை. அங்கே தொந்தரவு சேறு மட்டுமில்லை, பெயர்ந்து கிடக்கும் ஜல்லி. கூர்மையான கல் பட்டனுக்கு நடுவே மாட்டிக்கொண்டு சுற்றச் சுற்ற அடிவரைக்கும் துளைத்துக்கொண்டே போகும். நல்ல ஏ.டி. டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், கல்லை வெளியே தள்ளுவதற்காக வைத்தவை. வாங்கும்போது விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அதேபோல டயரின் தோள்பட்டையிலிருந்து சைடுவால் (பக்கச் சுவர்) வரை பட்டன் இறங்கி வருகிறதா என்றும் பாருங்கள். எஸ்டேட் பாதையில் கிழிவது பெரும்பாலும் அந்த இடம்தான்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை கரிசல் பூமிக்காரர்கள் கேட்டால் என் பதில் வேறு. கரிசல் நனைந்துவிட்டால் இரண்டு சுற்றில் பட்டன் முழுக்க மண் அப்பிக்கொண்டு ஏ.டி. டயரே மொட்டை டயர் மாதிரி ஆகிவிடும். அந்த மண்ணை உதறித்தள்ளும் அளவுக்கு இடைவெளி எம்.டி.யில்தான் இருக்கிறது, அதிலும் எல்லா நேரமும் நடக்காது. டயர் அகலமாக அகலமாக அப்பும் மண்ணும் கூடும். காட்டுக்குள் போயே ஆக வேண்டும் என்றில்லாவிட்டால் மண் இறுகும்வரை காத்திருப்பது எந்த டயரை விடவும் நல்ல வழி. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி என்ற செம்மணல் மேடுகளில் கதை தலைகீழ். அங்கே முரட்டுப் பட்டன் மணலைத் தோண்டித் தோண்டி வண்டியை அச்சுவரை இறக்கிவிடும். பட்டனை விடக் காற்றுதான் முக்கியம். லோடு இல்லாத வண்டியில் 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் பரந்து மணலின் மேல் மிதக்கும். வேகத்தைக் குறைத்து ஓட்டி, தார் ஏறியதும் மறக்காமல் அடித்துவிட வேண்டும். காற்றடிக்கும் சின்ன மெஷின் வண்டியிலேயே இருக்கட்டும்.

ராமநாதபுரம், சிவகங்கைக்காரர்களுக்குச் சீமைக்கருவேல முள். எந்த ஏ.டி. டயரும் அந்த முள்ளை முழுசாகத் தடுக்காது, பட்டன் ஆழமாக இருந்தால் சில முள் உள்ளே எட்டாமல் தேயும், அவ்வளவுதான். ட்யூப்லெஸ் டயரில் முள் குத்தி நிற்பதைப் பார்த்தால் காட்டிலேயே பிடுங்காதீர்கள். முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், காற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

இனி லோடு. என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

ஒரு தென்னந்தோப்புக்காரர் தன் இசுஸு வி-கிராஸ் பிக்கப்பைக் கொண்டுவந்தார். பின் டயர் ஒன்று அடிக்கடி காற்று இறங்குகிறது என்றார். "போன வருசம்தானுங்க மாட்டுனேன், பட்டன் பாதிகூடத் தேயல." வெளியே தேடினால் ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. ரிம்மிலிருந்து கழற்றியதும் உள்ளே இருந்து ஒரு கைப்பிடி கறுப்புப் பொடி கொட்டியது. சைடுவாலின் உட்பக்கம் வட்டமாகச் சுற்றிலும் தேய்ந்து, ஓரிடத்தில் நூல் தெரிந்தது. அந்தப் பொடி, டயர் தாங்க முடியாத எடையில் மடங்கி மடங்கித் தன் ரப்பரைத் தானே அரைத்துக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புது டயர். நெடுஞ்சாலையில் வேகத்தில் போகும்போது வெடித்திருக்க வேண்டியது, முன்கூட்டியே காற்று கசிந்து காட்டிக்கொடுத்தது.

காரணம் டயர் மேலேயே எழுதியிருந்தது. அவர் வண்டிக்கு அளவு 245/70 ஆர்16. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 111 எஸ் என்று போட்டிருந்தது, மாட்டியிருந்ததோ 107. அளவு ஒன்றுதான், இதே அளவு இரண்டு விதமாகவும் வருகிறது. 111 என்றால் ஒரு டயர் தாங்குவது 1090 கிலோ, 107 என்றால் 975 கிலோ. டயருக்கு 115 கிலோ குறைவு, பின் இரண்டுக்கும் சேர்த்து 230 கிலோ. அதன் மேல் தேங்காய் லோடு, அதோடு காற்றும் குறைவு. வாங்கும்போது விற்றவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அளவுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு மூன்று இலக்க எண்ணை ஸ்டிக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஸ்டிக்கரில் இருப்பதற்குக் குறைவாக ஒரு எண்கூட ஒத்துக்கொள்ளாதீர்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து வேகத்துக்கானது. கியூ என்றால் மணிக்கு 160 கி.மீ., எஸ் என்றால் 180. முரட்டு ஏ.டி. பலவற்றில் கியூ அல்லது ஆர் இருக்கும். நம் சாலை வேகத்துக்கு அது போதும்தான், ஆனாலும் ஸ்டிக்கரில் இருப்பதற்குக் குறைவான எழுத்தை நான் மாட்டச் சொல்வதில்லை.

இதிலேயே இன்னொரு சிக்கல், எல்.டி. என்ற எழுத்தோடு வரும் டயர்கள். லைட் டிரக்குக்கான கெட்டியான டயர், எடை தாங்கும் தரத்தை லோடு ரேஞ்ச் சி, டி, இ என்று ஏறுவரிசையில் போட்டிருப்பார்கள். வண்டியோடு சாதாரண டயர் வந்திருக்கும், அதைக் கழற்றிவிட்டு எல்.டி. மாட்டுகிறவர்கள் பழையபடி 35 பி.எஸ்.ஐ.யே அடிக்கிறார்கள். எல்.டி. டயர் தன் முழு எடையைத் தாங்குவது அதிகக் காற்றில்தான், லோடு ரேஞ்ச் இ டயர் 80 பி.எஸ்.ஐ. வரை பிடிக்கும். அதே 35-இல் அது தாங்குவது உங்கள் பழைய டயரை விடக் குறைவு. கெட்டி டயர் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் கூடவே ஏற்றுவார்கள், காற்று குறைவாக இருக்கும். நான் பார்க்கும் மிக ஆபத்தான சேர்க்கை இது. எல்.டி. வாங்கினால் அந்த அளவுக்கான காற்று, எடை அட்டவணையைக் கேட்டு வாங்கி, லோடு இருக்கும் நாளுக்கு ஒன்று, இல்லாத நாளுக்கு ஒன்று என இரண்டு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காற்றை எப்போதும் டயர் சூடாகும் முன் பாருங்கள். மத்தியானம் ஓடி வந்த டயரில் நாலஞ்சு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும்.

அளவைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. 245/70 ஆர்16 டயரின் உயரம் சுமார் 749 மி.மீ. அதே ரிம்மில் 265/70 போட்டால் 777, கிட்டத்தட்ட 4 சதவீதம் கூட. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும். 265/75 போட்டால் 804, அதாவது 7 சதவீதம். இந்த அளவில் ஸ்டியரிங் முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டில் உரச வாய்ப்பிருக்கிறது, ஏற்றத்தில் இழுவை குறையும், பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் வேலை கூடும். பிக்கப்புக்கே உரிய இன்னொரு தொல்லை, ஸ்டெப்னி வண்டியின் அடியில் தொங்குகிறது, பெரிய டயர் அந்த இடத்தில் நுழையாது. அப்புறம் பழைய சின்ன டயரையே ஸ்டெப்னியாக வைத்துக்கொண்டு, பஞ்சரானதும் அதை மாட்டி ஃபோர் வீலில் ஓட்டுவார்கள். வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். ஒரு டயர் மட்டும் சின்னதாக இருந்தால் அந்த இழுபறி முழுக்க கியர் பெட்டியில் இறங்கும். கம்பெனி அளவில் இருந்து 3 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், போனால் ஐந்தும் ஒரே அளவு. அளவை மாற்றினால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ்காரர் கேள்வி கேட்க இடம் கொடுக்கிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலை இறக்கத்துக்கு ஒரு வார்த்தை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப்பில் பின்பக்கம் எடையே இருக்காது, பட்டை ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்கும். நனைந்த தாரில் வளைவுக்குள் பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இங்கே உதவுவது பட்டனின் முரட்டுத்தனமில்லை, ஒவ்வொரு பட்டனுக்குள்ளும் இருக்கும் மெல்லிய கீறல்கள். ஈரத் தாரைப் பிடிப்பது அவைதான். மலையில் தினமும் ஓட்டுகிறவர்கள் கீறல் நிறைய உள்ள, நடுப்பகுதி நெருக்கமான ஏ.டி.யை எடுங்கள். சில ஏ.டி. டயர்களில் மலையும் பனிச்செதிலும் போட்ட ஒரு சின்னப் படம் இருக்கும், அது பனிப்பொழிவில் பிடிமானத்துக்கான சோதனை முத்திரை. நம் ஊரில் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தேதி பாருங்கள். சைடுவாலில் நான்கு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஏ.டி. டயர் எல்லாக் கடையிலும் வேகமாக நகரும் சரக்கு இல்லை என்பதால் பழைய ஸ்டாக் தலையில் கட்டப்படும் வாய்ப்பு அதிகம். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். எஸ்டேட்டில் குறைவாக ஓடும் வண்டிகளில் பட்டன் தேயும் முன் ரப்பர் இறுகிவிடுகிறது, பட்டன் நடுவே முடி போல வெடிப்பு தெரிந்தால் ஆழம் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், சேற்றுப் பாதைக்கு 4 மி.மீ.க்குக் கீழே போனாலே ஏ.டி. என்ற பெயருக்கு அர்த்தமில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டயரைத் தொடவே வேண்டாம்.

பிராண்ட் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே. எல்லாரிடமும் ஏ.டி. இருக்கிறது. யோகோஹாமா ஜியோலேண்டர், பி.எஃப். குட்ரிச், ஜெனரல் கிராபர், மாக்ஸிஸ் என்று வெளிநாட்டுப் பெயர்களும் உண்டு. உங்கள் அளவில், உங்கள் லோடு எண்ணில், புதிய தேதியில் எது கிடைக்கிறதோ அதைத்தான் நான் கையில் கொடுப்பேன். 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு சில வெளிநாட்டு அளவுகள் கிடைக்காமல் போயின. ஆறு மாதம் கழித்து ஒரு டயர் கல்லில் கிழிந்தால் அதே டயர் ஒன்று கிடைக்குமா என்று வாங்கும் அன்றே கேளுங்கள்.

மாட்டிய பிறகு 50, 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றுங்கள். ஏ.டி. பட்டன் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேயும் இயல்புடையது, இடம் மாற்றாவிட்டால் பாதி ஆயுளிலேயே விமானம் மாதிரி இரைச்சல் போட ஆரம்பிக்கும், அதன்பிறகு மாற்றினாலும் சத்தம் முழுசாகப் போகாது. பட்டன் பகுதியில் 6 மி.மீ. வரை ஓட்டை என்றால் டயரைக் கழற்றி உள்ளே பேட்ச் போடலாம். சைடுவாலில் கிழிந்தால் ஒட்டச் சொல்லிக் கேட்காதீர்கள், ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம்.